எட்டுக்கு எட்டு

குற்றாலத்து லாட்ஜிலிருந்து எட்டுப் பேர்
வேனில் வந்து இறங்கினார்கள்.
கொடைக்கானலிலிருந்து எட்டுப் பேர்
வேறொரு வேனில்.
உசிலம்பட்டி வெயிலில்
ஸ்வெட்டர் போட்ட மனிதரை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் அங்கம்மா. ஒன்றிய அலுவலகத்தைக் கூட்டுகிறவள்.
இவர்களில் ஒருத்தருக்கு,
எங்கள் வார்டு ஆளுக்கு, ஓட்டுப் போட்டிருக்கிறேன்.
அவரோ என்னைப் பார்க்காத மாதிரி
மாடிப்படி ஏறினார்.
ஐந்து நாளாகப் போனை யாரோ வாங்கி வைத்திருந்தார்களாம்.
பெண்டாட்டியே என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனாள்,
ஆள் இருக்காரா என்று.

எதிர்த்த டீக்கடையில் காலையிலிருந்து வழக்கு.
"சேர்மனுக்கும் நாமளே நேரா குத்திட்டா
வேனும் வேணாம், லாட்ஜும் வேணாம்"
என்கிறார் ஒச்சப்பன்.
"பதினாறு பேரை வாங்குறவன்
அறுபதாயிரம் பேரை வாங்க மாட்டானா?
செலவு ஏறும், அம்புட்டுத்தான்"
என்கிறான் வக்கீல் ஆபீஸ் பையன்.
"ஏறட்டுமே, நமக்கும் கொஞ்சம் வரும்ல"
என்று மூலையிலிருந்து ஒருவர்.
சிரித்தார்கள்.
நானும்தான் சிரித்தேன்,
டீ வாங்க வந்த தூக்கோடு நின்றுகொண்டு.

தேர்தலே நடக்காத மூன்று வருசம்
தனி அலுவலர் ஒருத்தர் இருந்தார்.
யாரும் ஓட்டுப் போடாமல் வந்தவர்.
அவருக்கு இந்த ஊரில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.
எங்கள் தெரு மோட்டாரை நாலே நாளில் ஓடவைத்தார்.
பொய் சொல்லக்கூடாது, நல்ல மனுசன்.
ஒரு வெள்ளிக்கிழமை மாற்றல் ஆகிப் போனார்.
அடுத்து வந்தவருக்கு எங்கள் தெரு எங்கே என்றே தெரியவில்லை.
யார் அனுப்பினார், யார் எடுத்தார்,
யார் வீட்டு வாசலில் போய்க்
காலிக்குடத்தை உருட்டுவது?

எண்ணி முடித்தார்கள்.
எட்டுக்கு எட்டு.
மறுபடி எண்ணினார்கள்.
எட்டுக்கு எட்டேதான்.

சட்டப்படி குலுக்கல் என்றார் அதிகாரி.
பெட்டி எங்கே? பெட்டி இல்லை.
அம்மா, உங்க தூக்குச்சட்டியைக் கொடுங்க.
நேற்றைய கருவாட்டுக் குழம்பு வாசம் அதில்
என்ன தேய்த்தும் போகவில்லை.
சொன்னேன். பரவாயில்லை என்றார்.
மொக்கராஜ் என்று ஒரு சீட்டு,
விருமாயி என்று ஒரு சீட்டு.
யார் எடுப்பது?
அவர் ஆள் என்றால் இவர் கத்துகிறார்,
இவர் ஆள் என்றால் அவர் மேசையைத் தட்டுகிறார்.
கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
எந்தக் கணக்கிலும் வராதவள் என்று.

கையை விட்டேன்.
ஒரு சீட்டு எண்ணெய்ப் பிசுக்கில்
சட்டிச் சுவரோடு ஒட்டியிருந்தது.
இன்னொன்று சும்மா கிடந்தது.
மடிப்பை வைத்து எது யாருடையது என்று
எனக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள்.
அதிகாரி மடித்ததைக்
காபி கொடுத்துக்கொண்டே பார்த்தவள் நான்.
அறுபதாயிரம் பேர் ஒரு கணம்
என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.
அவ்வளவு கனம்
வாளியில்கூட நான் தூக்கியதில்லை.

எடுத்தேன்.
பிரித்தார்கள். வெடி போட்டார்கள்.

மாலையோடு இறங்கி வந்தவரிடம்
எங்கள் தெரு மோட்டார் என்று ஆரம்பித்தேன்.
"இருங்கம்மா, பதினாறு பேருக்குப் பதில் சொல்லவே
எனக்கு நேரமில்ல."
இல்லை, எட்டுப் பேருக்கு.
அப்புறம் இந்த ஒரு கைக்கு.
சொல்ல வாய் வந்தது.
கார் கதவு சாத்திவிட்டது.

ராத்திரி வீட்டில் மூடியைத் திறந்தால்
தோற்ற சீட்டு சுவரிலேயே ஒட்டிக் கிடக்கிறது.
சந்தடியில் யாரும் கேட்டு வாங்கவில்லை.
மசி கொஞ்சம் ஊறியிருக்கிறது,
பெயர் இன்னும் படிக்க முடிகிறது.
கழுவினால் போய்விடும்.
குழாயடியில் வைத்திருக்கிறேன்.
தண்ணீர் வந்தால் கழுவ வேண்டும்.